குடும்ப மருத்துவரை எங்கே வைத்துப் பயிற்றுவிப்பது?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தந்தைக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. இருதய மருத்துவர், நரம்பியல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று மூவரிடம் காட்டினோம். மூவரும் திறமையானவர்கள்தான், தத்தம் துறைக்குரிய பரிசோதனைகளைச் செய்து, தங்கள் பகுதியில் கோளாறு ஏதுமில்லை என்று எழுதித் தந்தார்கள். கடைசியில் ஒரு குடும்ப மருத்துவர், வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வரச் சொல்லி மேசைமேல் பரப்பிப் பார்த்தார். பிறகு படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்றபின் ஒருமுறையும் இரத்த அழுத்தத்தை அளந்தார். நின்றவுடன் அழுத்தம் வெகுவாக இறங்கியது. இரத்த அழுத்தத்துக்காக ஒருவர் எழுதிய மருந்தும், புரோஸ்டேட் வீக்கத்துக்காக வேறொருவர் எழுதிய மருந்தும் சேர்ந்துதான் அவரைத் தள்ளாட வைத்திருந்தன.

அவரிடம் நன்றி சொன்னபோது, இதை மருத்துவக் கல்லூரியில் கற்கவில்லை என்றும், ஒரு மூத்த மருத்துவரின் சிறிய மருத்துவகத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த இரண்டு ஆண்டுகளில்தான் கற்றதாகவும் சொன்னார். குடும்ப மருத்துவத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்த நாற்காலியிலிருந்துதான்.

1961-இல் அமெரிக்காவில் பணிபுரிந்த மருத்துவர் கெர் வைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கணக்கு உண்டு. வயது வந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் சுமார் 750 பேருக்கு ஏதோ ஒரு நோயோ காயமோ ஏற்படுகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைவரை போய்ச் சேர்பவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவர்களோ தங்கள் பயிற்சிக் காலத்தின் மிகப் பெரும் பகுதியை அந்த ஒருவர் படுத்திருக்கும் வார்டில் கழிக்கிறார்கள். மீதி 249 பேரை எப்படிப் பார்ப்பது என்பது அவரவர் பொறுப்பில் விடப்படுகிறது.

இது வெறும் அனுபவக் குறைவு என்று நினைத்தால் சிக்கலின் ஆழம் புரியாது. பெரிய மருத்துவமனைக்கு நெஞ்சுவலியோடு வருபவர் ஏற்கெனவே பலரால் சலித்து அனுப்பப்பட்டவர் என்பதால் அவருக்கு இருதய நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம். நோயாளிகள் முதலில் போய்ப் பார்க்கும் முதல்நிலை மருத்துவரிடம் அதே வலியைச் சொல்பவர்களில் பலருக்குத் தசைப்பிடிப்போ, நெஞ்செரிச்சலோ, மனப் பதற்றமோதான் காரணம். நோய் அரிதாக இருக்கும் இடத்தில் ஒரு பரிசோதனை ‘நோய் உண்டு’ என்று காட்டினால், அது பொய்யாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே வார்டில் பழகிய கண்ணோடு மருத்துவகத்தில் உட்காருபவர் ஒன்று தேவையற்ற பரிசோதனைகளை எழுதிக் குவிப்பார், அல்லது சாதாரண நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் உண்மையான நோயாளியைத் தவறவிடுவார். ‘இன்று மருந்து வேண்டாம், இன்னின்ன அறிகுறி தெரிந்தால் உடனே வாருங்கள், இல்லாவிட்டால் மூன்று நாள் கழித்துப் பார்ப்போம்’ என்று சொல்லிக் காத்திருப்பது ஒரு தேர்ந்த மருத்துவச் செயல். மேற்பார்வையோடு பலமுறை செய்து பார்க்காமல் அந்தத் துணிவு யாருக்கும் வராது.

இன்னொன்று, ஒரே மருத்துவரிடம் நீண்ட காலம் தொடர்வது. நார்வேயில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவாக இருந்தது. இதுவே முழுக் காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரு புதிய மருந்து காட்டியிருந்தால் உலகமே அதைப் பற்றிப் பேசியிருக்கும். மாதத்துக்கு ஒரு பிரிவு என்று சுழலும் பயிற்சியில் இந்தத் தொடர்ச்சியை எப்படிக் கற்பிக்க முடியும்? ஒரு கர்ப்பிணியைப் பிரசவம்வரையும் அதன் பிறகு அவருடைய குழந்தையையும், ஒரு நீரிழிவு நோயாளியை மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பார்த்த பயிற்சி மருத்துவருக்கே அதன் அருமை தெரியும்.

உலகின் முதல் குடும்ப மருத்துவப் பேராசிரியர் பதவி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1963-இல்தான் வந்தது. 1978-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கூட்டிய மாநாட்டில் வெளியான அல்மா-அட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தை எல்லா நாடுகளின் முன்னும் வைத்தது. இவ்வளவு காலம் கழிந்த பிறகும், மேற்படிப்பில் இடம் கிடைக்காதவர் செய்யும் வேலை என்ற எண்ணம் பல இடங்களில் குடும்ப மருத்துவத்தைவிட்டு விலகவில்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரே காலைப்பொழுதில் காய்ச்சலுள்ள கைக்குழந்தையையும், மனச்சோர்வை முதுகுவலி என்று சொல்லும் பெண்ணையும், எட்டு வகை மாத்திரை விழுங்கும் முதியவரையும் பார்ப்பவருக்குத் தேவைப்படும் அறிவு எந்தச் சிறப்புத் துறைக்கும் குறைந்ததில்லை.

என் கருத்தில், குறைந்தது மூன்று ஆண்டு முதுநிலைப் பயிற்சி வேண்டும். அதில் பாதிக்கு மேல், அன்றாடம் மக்கள் வந்துபோகும் முதல்நிலை மருத்துவகங்களிலேயே நடக்க வேண்டும். கற்பிப்பவர்களும் அங்கேயே பணிபுரியும் மூத்த குடும்ப மருத்துவர்களாக இருக்க வேண்டும். வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும்போது அவர்களால் கற்பிக்க முடியாது என்பதால், பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நாளுக்கு ஒரு மணி நேரமாவது பயிற்சி மருத்துவரோடு உட்கார்ந்து அன்றைய நோயாளிகளைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கும் முறையான ஊதியம் தர வேண்டும்.