கொத்தைத் திட்டுவதற்கு முதல் சோடாப் போத்தலைத் திருப்பிப் பாருங்கோ

"பின்னேரம் கிறவுண்டில ஒரு மணித்தியாலம் விளையாடுறம், ராவைக்கு ஒரு கொத்துச் சாப்பிட்டா என்ன?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கழகப் பெடியள் கேட்கிற கேள்வி இது. சாப்பிடலாம். ஆனால் விளையாடினதுக்குக் கூலியாகச் சாப்பிட வெளிக்கிட்டால் கணக்குப் பிழைக்கும்.

60 கிலோ ஆள் ஒரு மணித்தியாலம் சாதாரணமாகக் கரப்பந்து ஆடினால் செலவாவது 200 கலோரி அளவில். உதைபந்தாட்டம் என்றால் 400 அளவில் வரும். இனிக் கொத்துக்கு வாங்கோ. இரண்டு ரொட்டியில் 130 கிராம் கோதுமை மா, அது 450 கலோரி. மாவில் ஊறினதும் தகட்டில் ஊற்றினதுமாக எண்ணெய் 3 மேசைக்கரண்டி என்று குறைத்தே வைப்போம், அது 350. முட்டை 70. கோழியும் குழம்பும் சேர ஆயிரத்தைத் தொடும். ஒரு கொத்தைக் கரைக்க ஐந்து மணித்தியாலம் கரப்பந்து அடிக்க வேணும். ஆர் அடிக்கிறது?

அதுக்காகக் கொத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. அது ஒரு முழுச் சாப்பாடு, நொறுக்குத்தீனி இல்லை. கிழமைக்கு ஒரு இரவு, சோற்றுக்கோ புட்டுக்கோ பதிலாக வந்தால் உடம்பு தாங்கும். ஏழு மணிக்குக் கடையில் கொத்து, ஒன்பதுக்கு வீட்டில் அம்மா போட்ட சோறு என்றால்தான் வயிறு வைக்கும். தகட்டில் அடிக்கத் தொடங்க முதலே சொல்லுங்கோ: ஒரு ரொட்டி, இரண்டு முட்டை, லீக்ஸும் கரட்டும் கூட, குழம்பு புறம்பாக. உப்பின் பெரும்பகுதி அந்தக் குழம்பிலும் சோஸிலும்தான் இருக்கு. முழுநாளுக்கும் 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டி. மட்ச் இருக்கிற நாளில் விளையாட முதல் தின்ன வேண்டாம். கொழுப்புச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரம் எடுக்கும், ஓடேக்க நெஞ்சுக்குள் நிக்கும்.

என் கோபம் உண்மையில் சோடாவில்தான். 2016 இல் இருந்து போத்தலில் நிற வட்டம் போடுகிறார்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதுக்குக் கீழே பச்சை. செம்மஞ்சளைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று குடிக்கிற ஆக்கள் கனபேர். ஆனால் அந்தக் கணக்கு 100 மில்லிலீற்றருக்கு. 10 கிராம் போட்ட செம்மஞ்சள் போத்தல் 500 மில்லிலீற்றர் என்றால் உள்ளே 50 கிராம் சீனி, பன்னிரண்டு தேக்கரண்டி. பிளேன்ரீயில் அவ்வளவு சீனி போட்டுத் தந்தால் துப்பிவிடுவீர்கள். அதோடு சோடா வயிற்றை நிரப்பாது. குடித்துவிட்டும் அதே அளவு சோறுதான் இறங்கும்.

எங்கட வெயிலுக்குத் தாகம் பொல்லாதது, கிணற்றுத் தண்ணி பல இடத்தில் உவர், அதனால் கை சோடாவுக்குப் போகுது, விளங்குது. வடிகட்டின தண்ணியில் தேசிக்காய் பிழிந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் போத்தலில் கொண்டு போங்கோ. சிறுநீரக வருத்தம் இருக்கிற பிரதேசம் இது. சீனி வருத்தமும் பிரஷரும் அதே சிறுநீரகத்தைத்தான் அடிக்கும்.

றோல்ஸ், வடை, பற்றிஸ் விசயத்தில் எண்ணிக்கையை விட எண்ணெயைக் கவனியுங்கோ. சட்டியில் நுரை பொங்கி அடங்காமல் நின்றால், கறுத்துத் தடித்திருந்தால், மெல்லிய சூட்டிலேயே புகைந்தால், அது திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய். அந்தக் கடையில் பிளேன்ரீயோடு எழும்பலாம். வீட்டில் பொரிக்கிற ஆக்கள் ஒரேயடியாகப் பத்தைப் போடாதேங்கோ. சூடு இறங்கி, றோல்ஸ் பொரியாமல் எண்ணெயைக் குடிக்கும்.

இன்னொன்று, எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. காலபோகத்தில் நாள் முழுக்க மண்வெட்டியோடு வரம்பு கட்டுகிற ஆளுக்கு 3000 கலோரிக்கு மேல் தேவை, அவர் இரண்டு வடை கூடத் தின்றால் ஒன்றும் ஆகாது. ஓட்டோவில் இருந்தபடி அதே இரண்டு வடை தின்கிறவர் அவரோடு தன்னை ஒப்பிடக்கூடாது.

பசிக்கு என்ன வாங்குவது என்று கேட்டால் முறிகண்டியில் பஸ் நிக்கேக்க கச்சான் வாங்குங்கோ. கோது நீக்கி 50 கிராமில் 280 கலோரி, 12, 13 கிராம் புரதம். அதுவும் கொழுப்புத்தான், ஒரு சரையோடு நிப்பாட்டுங்கோ. பைக்கற்றில் உப்புப் போட்டுப் பொரித்ததை விடக் கோதோடு வறுத்தது நல்லம். ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியிருக்கும், மாங்குளம் வரைக்கும் கை வேலையாக இருக்கும்.