மாத்திரை என்பதால் ஆபத்து குறைந்துவிடாது

"டாக்டர் எழுதித் தருகிற மருந்துதானே, ஹெராயின் மாதிரி உயிரையா எடுத்துவிடும்? வேண்டாமென்றால் அன்றைக்கே நிறுத்திவிடலாம்" என்று போதை தரக்கூடிய வலி, இருமல், பதற்ற மருந்துகளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் என்ற பொருளின் ஒரு பகுதி கல்லீரலில் மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணியாக மாறுகிறது. ஹெராயினும் உடலுக்குள் போய் மார்ஃபினாகத்தான் மாறும். வீரியம் வேறு, குடும்பம் ஒன்றுதான்: ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகள்.

இவை ஆளைக் கொல்வது பெரும்பாலும் மூச்சை அடக்கித்தான். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் "மூச்சு விடு" என்று மூளைத்தண்டு விரட்டும். அந்த விரட்டலையே இவை மழுங்கடிக்கின்றன. கூடவே மதுவோ, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாத்திரையோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு, அசந்து தூங்கிக் குறட்டை விடுவதுபோலத்தான் தெரியும். உலுக்கியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அது தூக்கமில்லை. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்து மூச்சை மீட்கும், ஆனால் ஓபியாய்டு வகைக்கு மட்டும். அல்பிரசோலத்துக்கு அது வேலை செய்யாது.

நிறுத்துவது பற்றி: மாதக்கணக்கில் அல்பிரசோலம் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓபியாய்டை சில வாரம் விட்டுவிட்டு மறுபடி பழைய அளவையே எடுப்பது இன்னும் மோசம். உடலின் தாங்குதிறன் அதற்குள் இறங்கியிருக்கும், கை மட்டும் பழைய கணக்கையே எடுக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுகிற எல்லோரும் அடிமையாகிவிடுவதில்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரையைப் பயந்து தூக்கிப்போடச் சொல்லவில்லை.