தாய்க்குக் கிடைத்த வாய்ப்பு

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 1 அன்று பிரான்சின் வில்லேர்-கொத்தெரே காட்டில் இறந்த பிரிட்டிஷ் படை அதிகாரி ஜார்ஜ் செசில் பற்றிய கட்டுரை மனதை உலுக்கியது. பதினெட்டே வயது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சாலிஸ்பரி பிரபுவின் பேரன். மகன் காயம்பட்டானா, கைதியானானா என்றே தெரியாமல் தாய் வயலட் தவித்திருக்கிறார்.

ஆனால் கட்டுரை ஒன்றை அழுத்திச் சொல்லவில்லை. போர் நடக்கும்போதே பிரான்சுக்குப் போய்த் தேட எத்தனை தாய்மாரால் முடிந்திருக்கும்? வயலட்டுக்குப் பிரெஞ்சு அரசியல் தலைவர் கிளமென்சோவே குடும்ப நண்பர். அந்த நவம்பரில் கில்லானின் என்ற பிரபு தன் தம்பி, பிரிட்டிஷ் படைப்பிரிவான ஐரிஷ் கார்ட்ஸின் படைத்தலைவர் மாரிஸைத் தேடி வந்து, அந்தக் காட்டில் இறந்தவர்களைப் புதைத்திருந்த பெருங்குழியைத் தோண்ட வைத்தார். உள்ளே ஏறத்தாழ நூறு உடல்கள். முகம் பார்த்து ஆளைச் சொல்ல முடியாத நிலை. ஜார்ஜ் போன்ற பிரபு வீட்டுப் பிள்ளையும் சாதாரணச் சிப்பாயும் ஒரே மண்ணில் ஒன்றாகக் கிடந்தார்கள். அதிகாரிகளைத் தேடித்தான் தோண்டினார்கள். அதனால்தான் அந்தச் சிப்பாய்களுக்கும் ஒழுங்கான கல்லறை அமைந்தது. இதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

வயலட்டின் நண்பர் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங். அடுத்த ஆண்டே பிரான்சின் லூஸ் என்ற இடத்தில் நடந்த போரில் அவர் மகன் ஜான் காணாமல் போனான். சாகும்வரை அவருக்கு மகனின் கல்லறை தெரியவில்லை. 1992இல்தான் ஒரு கல்லறைக்கு ஜானின் பெயர் பொறிக்கப்பட்டது. அது சரிதானா என்று அப்புறமும் சர்ச்சை நடந்தது.

1915இல், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் பேரன் உடலை ஊருக்குக் கொண்டுபோக அனுமதித்தார்கள். பிறகு எல்லோருக்கும் தடை. அந்தத் தடை நியாயமானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.