கறுப்பியின் நான்கு ஆண்டுகள்

ஊனமுற்ற நாய்களைத் தத்தெடுப்பது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். அவற்றைத் தத்தெடுக்க ஆளில்லை என்ற கட்டுரையாளரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அன்பு இருந்தால் போதும் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில், வாகனம் மோதி இடுப்புக்குக் கீழே உணர்விழந்த கறுப்பி என்ற நாய் நான்கு ஆண்டுகளாக இருக்கிறாள். அவளால் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. நாளுக்கு மூன்று நான்கு தடவை அடிவயிற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். தேங்கினால் தொற்று வந்துவிடும். இதை மிருக வைத்தியர் முன்னிலையில் கைவைத்துத்தான் பழக வேண்டும். தரையில் இழுபட்டுப் புண் வரும், ஈ மொய்க்கும், கவனிக்காவிட்டால் புழு வைத்துவிடும்.

மூன்று கால் நாய் வேறு கதை. உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குவதால், பின்னங்கால் ஒன்றை இழந்தது விரைவில் ஓடப் பழகிவிடும். பருக்க மட்டும் விடாதீர்கள். முதன்முறை தத்தெடுப்பவர்கள் தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள்.

குழாயும் சிறு சில்லுகளும் கொண்டு தம்பி செய்து கொடுத்த வண்டியில் கறுப்பி மாலையில் கடற்கரைக்குப் போகிறாள். ஈர மணலில் சில்லு நன்றாக ஓடும். காய்ந்த மணலில் புதையும். அங்கே நான் தூக்கிக்கொள்வேன்.