907-ஐ டெம்ப்ளேட்டாகச் சொல்லித்தராதீர்கள்

லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தின் 907-ஆம் கேள்வி, பிளேஸ்மென்ட்டுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர் பார்த்திருக்கும் கணக்கு. ஒரு அர்ரே, அதாவது எண்களின் வரிசை, தருவார்கள், அதன் ஒவ்வொரு சப்அர்ரேயிலும் (இடைவிடாமல் தொடரும் துண்டிலும்) இருக்கிற மிகச்சிறிய எண்ணை எடுத்து எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இதற்கு மோனோடானிக் ஸ்டாக் (மேலே வைத்ததையே முதலில் எடுக்கும், ஏறுவரிசையோ இறங்குவரிசையோ குலையாத அடுக்கு) டெம்ப்ளேட் என்று சில வரி நிரலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஸ்டாக்கைத் தொடுவதற்கு முன்னால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எண்கள் 30,000 இருந்தால் சப்அர்ரேக்கள் 45 கோடி, ஒவ்வொன்றாகப் போய் முடியாது. அதனால் ஒவ்வொரு எண்ணையும் பிடித்து, இது எத்தனை சப்அர்ரேக்களில் மிகச்சிறியது என்று கேளுங்கள். 3, 1, 2, 4 என்று வைத்துக்கொள்வோம். 1 இருக்கும் சப்அர்ரே 2 இடங்களில் தொடங்கலாம், 3 இடங்களில் முடியலாம், ஆக 6 சப்அர்ரேக்கள், கூட்டலில் 6. 3 ஒன்றில்தான், அது 3. 2 இரண்டில், அது 4. கடைசி 4 ஒன்றில், அதுவும் 4. மொத்தம் 17.

சரி, ஒவ்வொரு எண்ணுக்கும் இரு பக்கமும் அதைவிடச் சிறியது முதலில் எங்கே வருகிறது? இதற்குத்தான் ஸ்டாக். இன்டெக்ஸ்களை, அதாவது எண்கள் இருக்கும் இடங்களை, இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகிறோம். புதிதாக வருவது மேலே இருப்பதைவிடச் சிறியதென்றால், மேலே இருப்பது இனி வலப்பக்கம் நீளும் எந்த சப்அர்ரேயிலும் மிகச்சிறியதாக இருக்கவே முடியாது, எடுத்துவிடலாம். எடுக்கும்போதே அதன் வலது எல்லை புதிதாக வந்த எண், இடது எல்லை ஸ்டாக்கில் அதற்குக் கீழே இருப்பது, இரண்டும் ஒன்றாகக் கிடைத்துவிடுகின்றன. இந்தக் கணக்கிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஃபார் லூப்புக்குள் வைல் லூப் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், எந்த இன்டெக்ஸும் ஒருமுறைதான் உள்ளே போகும், ஒருமுறைதான் வெளியே வரும். முடிவில் ஸ்டாக்கில் மிச்சமிருப்பவற்றுக்கு அர்ரேயின் முடிவே வலது எல்லை.

அப்புறம் சம எண்கள். பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள், என்னைக் கேட்டால் பாதி வகுப்பு இதற்கே போக வேண்டும். 2, 2 எடுத்துக்கொள்ளுங்கள், விடை 6. எல்லை தேடும்போது இரண்டு பக்கமும் சம எண்ணைத் தாண்டிப் போனால் முழு அர்ரேயை இரண்டு 2-ம் எண்ணிவிடும், 8 வரும். இரண்டு பக்கமும் சமத்திலேயே நின்றால் அதை எதுவும் எண்ணாது, 4 வரும். புதிய எண் கண்டிப்பாகச் சிறியதாக இருந்தால் மட்டும் பாப் பண்ணுங்கள் (மேலே இருப்பதை எடுங்கள்), வலப்பக்கம் சமத்தைத் தாண்டும், இடப்பக்கம் சமத்தில் நிற்கும், விடை சரியாக வரும்.

இது புரிந்த பிள்ளைக்கு அடுத்து 2104-ஐக் கொடுங்கள். அங்கே ஒவ்வொரு சப்அர்ரேயிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக் கூட்ட வேண்டும். ஒப்பீட்டுக் குறியைத் திருப்பினால் பெரியவற்றின் கூட்டல் வந்துவிடும், அதிலிருந்து 907-இல் போட்டது போன்ற சிறியவற்றின் கூட்டலைக் கழித்தால் போதும்.