வேப் வெறும் தண்ணீர் ஆவியாம்!

கண்ணாடியை ஏற்றி ஏசி போட்ட காருக்குள் வேப் என்ற மின்சிகரெட்டை இழுப்பவரிடம், கொஞ்சம் நிறுத்துங்களேன் என்று சொல்லிப் பாருங்கள். "அட, இது வெறும் தண்ணி ஆவிங்க" என்பார். மாம்பழ வாசனை வேறு! அவர் ஊதுவது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், கூடவே ஏதோ ஒரு வாசனைப் பொருள். எல்லாம் சூடான கம்பிச்சுருளில் பட்டு நுண்துளிகளாக வருகிறது. சூடு அதிகமானால் ஃபார்மால்டிஹைடும் வரும், கம்பியிலிருந்து நிக்கலும் கலக்கும்.

பக்கத்தில் இருப்பவருக்குச் சிகரெட் அளவுக்கு மோசமா என்றால், இல்லை. சிகரெட் விரலிடுக்கில் சும்மா இருந்தாலும் புகையும், இது இழுக்கும்போது மட்டும்தான். அமெரிக்க தேசிய அகாதமிகளின் 2018 அறிக்கை இரண்டையும் சொன்னது: அறைக்குள் நுண்துகளும் நிக்கோட்டினும் கூடுவது உறுதி, ஆனால் சிகரெட்டைவிடக் குறைவு. வேப் ரசிகர்கள் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது, காற்றில் கலக்கும் ரசாயனம் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கு" என்ற பேச்சு. எந்த அளவு? பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வகுத்த அளவு. ஆரோக்கியமான பெரியவர், தினம் 8 மணி நேர ஷிப்ட், முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார், அவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. அதே கணக்கை, இரவெல்லாம் அதே அறையில் தூங்கும் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எப்படிப் பொருத்துவது?

வாசனைப் பொருளிலும் இதே பித்தலாட்டம்தான், "சாப்பாட்டில் போடுறதுதானே" என்பார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த 8 பேருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைத்துக்கொண்டதாகத் தெரியவந்தது. காரணம் வெண்ணெய் வாசனைக்குச் சேர்த்த டையசெட்டைலின் ஆவி. தின்ன அனுமதித்த பொருள்தான், மூச்சில் போனபோது கதையே வேறு. பக்கத்தில் இருப்பவருக்கு வேப்பால் அந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுக்குக் கொடுத்த சான்றிதழ் நுரையீரலுக்குச் செல்லாது, அவ்வளவுதான்.

சரி, நம் சட்டம் என்ன செய்கிறது? 2019 மின்சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது, முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். இழுப்பவருக்குத் தண்டனை கிடையாது. பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கும் 2003 சட்டமோ புகையிலையைப் பற்றிப் பேசுகிறது, இதில் இலையே இல்லை. பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் என்று உச்சவரம்பு உண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அரசிடம் சொல்லியாக வேண்டும். இங்கே பெட்டிக்கடைக்குப் பின்னால் கைமாறும் சரக்கில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

தடையை எடுக்கச் சொல்லவில்லை. 2003 சட்டத்தின் பொது இடத் தடைக்குள் இதையும் பெயர் சொல்லிச் சேருங்கள், பிடிபடும் சரக்கை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவுகளை வெளியிடுங்கள். அப்புறம் யாராவது தண்ணி ஆவி என்றால் அந்தத் தாளை நீட்டுகிறேன்.