கார்த்திகையில் தரங்கம்பாடி செத்துக் கிடக்கிறதாம்

அந்த வீடியோவை எல்லோரும் எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். மழைக்காலத்தில் ஒருவர் தரங்கம்பாடி போய், கோட்டை முன்னால் நின்று, "ஒரு கடை இல்ல, ஒரு ஆள் இல்ல, செத்த ஊரு மக்களே, காசை வேஸ்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் பேசுகிற நேரம் முழுக்கப் பின்னால் கடல் இரைகிறது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரா? இல்லை. எனக்கு வலித்தது அதுதான்.

ஆள் இல்லாவிட்டால் கடற்கரை செத்துவிடுமா? ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்ததும் அங்கே எல்லாமே மாறிவிடும். கோடையில் சரிவாகக் கிடந்த மணலை அலை அறுத்து, முழங்கால் உயரத்துக்குப் படி மாதிரி நிறுத்தி வைத்திருக்கும். மழை விட்ட காலையில் அடப்பங்கொடியில் ஊதாப் பூ பூத்திருக்கும். மிதிக்க ஆள் இல்லாததால் நண்டுகள் வளைக்கு வெளியே வந்து, நாம் அசையாமல் உட்கார்ந்தால் கால் பக்கம் வரைக்கும் ஓடி வரும். மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறதே, கடல் கொண்டுபோனது போக மிச்சம் நிற்கிற பாண்டியர் காலத்துக் கோயில், அதற்குக் கடல் என்ன செய்தது என்பது மழைக்காலத்து அலையைப் பார்த்தால்தான் உறைக்கும். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய அந்தக் கோட்டையும் அதே காற்றில்தான் நிற்கிறது. இவ்வளவும் இருக்கிற ஊர் செத்த ஊராம்.

அப்புறம் கோடை லீவைத்தான் கடற்கரைக்குச் 'சீசன்' என்கிறோமே, அது யாருடைய சீசன்? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். நம் சீசன் என்பது அந்த ஊருக்கு வேலை ஓய்ந்த காலம். மே மாதம் வந்து மீன் சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு போகிறோம். பள்ளிக்கூட லீவை வைத்தா கடலுக்குக் காலம் குறிப்பது?

என் அம்மா கும்பகோணத்துக்காரர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோடை லீவில் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். அம்மா தண்ணீரில் இறங்கியதே கிடையாது. பையையும் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் புடவை நனைந்தால் யார் பார்ப்பார்களோ என்ற பயம் வேறு. அந்த அம்மாவை ஒரு கார்த்திகை மாதம் தரங்கம்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்தபடி அலை ஓரத்தில் நின்றார். "இப்பதான்டி கடலைப் பார்க்கிறேன்" என்றார். அறுபது வயதுக்கு மேல். அவ்வளவு வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் செருப்பைத்தான்.

"ஆள் வராவிட்டால் சுண்டல் விற்கிறவர்களுக்கு யார் சோறு போடுவது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் வருகிற நாலு பேரையும் வராதே என்று சொன்னது நானா, அந்த வீடியோவா?

மழைக்காலக் கடல் ஆபத்து என்பீர்கள். ஆமாம், ஆபத்துதான். நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றினால் நான் போக மாட்டேன். "அங்க இறங்காதம்மா, இழுக்கும்" என்று வலை பின்னுகிறவர் சொன்னால் இறங்க மாட்டேன். ஆனால் காணும் பொங்கலுக்கு மெரினாவில் தடுப்புக் கட்டி, யாரையும் குளிக்க விடாமல் போலீஸ் நிற்கிறதே, அது எதற்கு? கூட்டம் இருந்தால் அலை இழுக்காதா?

இதையெல்லாம்விட ஒன்று. "பொம்பளைங்க ரெண்டு பேரு தனியா, ஆளில்லாத இடத்துக்கு ஏன் போகணும்?" போன தடவை படம் போட்டதற்கே இப்படி எத்தனை பேர்! சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது, நல்ல சீசனில், வேறொரு கடற்கரையில், சுற்றிலும் அவ்வளவு ஜனம் இருக்கும்போதுதான் அலையோடு அலையாக ஒரு கை என்னைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருக்கிறது, யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அழுதுகொண்டே கரைக்கு வந்தேன். அந்தக் கடற்கரைக்குப் போகாதே என்று இன்று வரை எந்த வீடியோவும் வரவில்லை. அங்கே கூட்டம் இருக்கிறது, கடை இருக்கிறது, அது உயிரோடு இருக்கிற ஊர். என் அம்மா பயமில்லாமல் புடவையைத் தூக்கிச் செருகிய இடம் மட்டும் செத்த ஊர்.

அக்கறையோடு இன்பாக்ஸுக்கு வருகிற அண்ணன்மார்களே, அந்த அக்கறையை மே மாதக் கூட்டத்தில் நிற்கிற பையன்களிடம் காட்டுங்கள். இந்தக் கார்த்திகைக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போகத்தான் போகிறேன். யாரிடமும் கேட்கப் போவதில்லை.